திருநெல்வேலி இருக்கும் திசை

மனைவி இறந்த செய்தி சுமந்து வந்த கடிதத்துக்கு ஞானையா எழுதிய பதில், "இவ்விடம் நான் சுகம், அவ்விடம் அனைவரின் சுகத்துக்கும் எழுதவும்" என்று தொடங்கியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று அங்கே வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். வேறு தொடக்கம் அவருக்குத் தெரியாது. அந்த வரியை எழுதி முடித்த பிறகுதான் எதற்குப் பதில் எழுதுகிறோம் என்பது உறைத்தது. அடித்துத் திருத்துவது மரியாதைக் குறைவு என்றும் அதே வாத்தியார் சொல்லியிருந்தார். ஆகவே அடிக்காமல், "நிற்க" என்று போட்டு, பாக்கியவதி காலமான செய்தி அறிந்து மிகுந்த துக்கம் என்று ஒரு வரி எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை. தாளில் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடந்தது. அப்படியே அனுப்ப மனம் வராமல், அடுக்களைப் பக்கத்து ஓடு மாற்றியாயிற்றா, மழைக்கு ஒழுகுகிறதா என்று விசாரித்து முடித்தார்.

ஷாங்காயிலிருந்து முக்கூடலை அடுத்த மிஷன் தெருவுக்கு அந்தக் கடிதம் ஒரு மாதத்துக்குமேல் பயணம் செய்து வந்து சேர்ந்தது. பாக்கியவதியின் அண்ணன் தேவதாசன் அந்தச் சபையின் உபதேசியார். எதையும் கோயிலில் வாசிக்கும் குரலில் வாசிப்பவர். அதே குரலில் இதையும் வாசித்தார். ஞானையாவின் ஒரே மகள் ஹெப்சிபா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முதல் வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். மாமா வாசித்தார். அதன்பிறகு அவள் தகப்பனைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞானையா சீனாவுக்குப் போனதற்குக் காரணம் ஒரு வயிறு. அது அவருடைய வயிறு அல்ல. பாபநாசத்துப் பஞ்சாலையில் இயந்திரம் பார்க்க வந்திருந்த ஒரு துரைக்கு எதைத் தின்றாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஞானையா வைக்கும் மிளகு ரசம் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. அதைத் துரை சூப் என்று சொல்லித் தட்டில் ஊற்றிக் கரண்டியால் குடிப்பார். ஷாங்காயில் இருந்த ஒரு பஞ்சாலை அவரை அழைத்தபோது, மனைவியை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு ஞானையாவைக் கூட்டிக்கொண்டு போனார். அது 1911. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று பேச்சு. பாக்கியவதி போய்வரச் சொன்னாள். தானே முடைந்த ஓலைப்பெட்டி ஒன்றில் கொத்தமல்லியை நிரப்பிக் கையில் கொடுத்தாள். சீனாவில் கொத்தமல்லி கிடைக்குமா என்று இருவருக்கும் தெரியாது. அங்கே தாராளமாகவே கிடைத்தது.

ஷாங்காய்ச் சந்தையில் காய்ந்த மிளகாயை வீசைக்கணக்கில் வாங்குகிறவர்கள் அபூர்வம். ஞானையா வாங்கும் கடையில் இன்னொருத்தியும் அப்படி வாங்கினாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளை மேல்சட்டை, நடு வகிடு. அவள் மிளகாயை உடைத்து விதையை எண்ணுவதுபோல் பார்த்து, மோந்து, கடைக்காரனைத் திட்டிவிட்டு வாங்குவாள். ஞானையாவும் அதையேதான் செய்வார், திட்டுவது தமிழில். சில வாரம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பிறகு ஒரு நாள் அவள் தன் புருஷனைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் பெயர் யூன். கொரியா தேசத்தார். ஜின்செங் என்னும் மருந்து வேர் விற்கிறவர். கொஞ்சம் துறைமுக இங்கிலீஷ் பேசினார், ஞானையாவுக்கும் அதே அளவுதான் தெரியும். உங்கள் தேசத்தை விட்டு ஏன் வந்தீர்கள் என்று ஞானையா கேட்டார். ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான் என்றார் யூன். உங்கள் தேசம் யாரிடம் இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தப் பேச்சை இருவரும் அத்தோடு விட்டுவிட்டார்கள்.

யூனின் மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊரிலிருந்த கொரியாக்காரர்கள் அங்கே கூடி ஆராதனை நடத்தினார்கள். வெள்ளைக்காரர் கோயிலில் கடைசி பெஞ்சின் கடைசி மூலையைச் சமையல்காரர்களுக்கென்று காட்டியிருந்தார்கள். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரலாம். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், நடுவில் திரை. ஞானையாவுக்கு மிஷன் தெருவில் இருப்பதுபோலவே இருந்தது, ஜெபம் தொடங்கும்வரை. மிஷன் தெருவில் ஒருவர் ஜெபிப்பார், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தூங்காமலிருக்கப் பார்ப்பார்கள். இங்கே எல்லாரும் ஒரே சமயத்தில் வாய்விட்டு, அவரவர் விண்ணப்பத்தை அவரவர் தொண்டைக்கு ஏற்றபடி சொன்னார்கள். சந்தை இரைச்சல்தான். முதல் வாரம் ஞானையா வாயை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம், யாருக்கும் புரியப்போவதில்லை என்ற தைரியத்தில், பாக்கியவதியைப் பற்றியும் துரையைப் பற்றியும் ஆண்டவரிடம் உரக்கத் தமிழில் பேசினார். துரையைப் பற்றிப் பேசியது சற்று நீண்டுவிட்டது. மனம் லேசானது. அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

குளிர் தொடங்கும் கார்த்திகை மாதத்தில் அந்தப் பெண்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து குளிர்காலம் முழுமைக்கும் ஊறுகாய் போட்டார்கள். ஒரு வண்டி நிறைய நீளக் கோஸ். முதல் நாள் உப்பில் கிடத்தி, மறுநாள் கழுவி, இலைக்கு இலை மிளகாய்ப்பொடியும் பூண்டும் உப்பில் ஊறிய கூனி இறாலும் தடவி, மடித்து, ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஜாடிகளில் அடுக்கினார்கள். ஆண்கள் தண்ணீர் சுமக்கலாம், ஜாடி நகர்த்தலாம், மற்றபடி அண்டக்கூடாது. ஞானையாவை ஆண் என்பதா சமையல்காரர் என்பதா என்று பெண்கள் தங்களுக்குள் பேசி, கடைசியில் சமையல்காரர் என்று முடிவு செய்து ஒரு முக்காலி போட்டுக்கொடுத்தார்கள். அவர் நாள் முழுவதும் தடவினார். கூனி போட்டது சரி, எண்ணெய் ஊற்றாததும் தாளிக்காததும் குறைதான் என்பது அவர் அபிப்பிராயம். ஒரு கடுகாவது வெடிக்கவிட்டிருக்கலாம். அதை யூனின் சம்சாரத்துக்குச் சொல்லி விளங்கவைக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. அவளும் அவரிடம் எதையோ சொல்லி விளங்கவைக்கப் பார்த்துக் கைவிட்டாள்.

1913-இல் அந்தக் கடிதம் வந்தது. பாக்கியவதி வாந்திபேதியில் இறந்துபோய் ஐந்து வாரம் ஆகிவிட்டது என்று தேவதாசன் எழுதியிருந்தார். ஞானையா துரையிடம் சொன்னார். துரை எழுந்து நின்று மிகவும் வருந்துவதாகச் சொல்லி, அரைநாள் விடுமுறை கொடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு சூப் உண்டுதானே என்றும் கேட்டார். உண்டு என்றார் ஞானையா.

அரைநாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் துக்கம் என்றால் வீடு நிறைய ஆட்கள், மணி அடிப்பார்கள், பெட்டி வரும், தூக்கவேண்டும், மண் போடவேண்டும். செய்வதற்கு வேலை இருக்கும். இங்கே அடக்கமும் முடிந்து, அடக்கம் செய்த மண்ணும் காய்ந்திருக்கும். அவர் சந்தைக்குப் போனார். மிளகாய்க் கடை முன்னால் நின்றார். எதையும் உடைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. யூனின் சம்சாரம் அதைப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் நிறுத்தினாள்.

விஷயம் கேட்டதும் யூன் கேட்ட முதல் கேள்வி, உம்முடைய ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பது. தூரதேசத்தில் இருக்கும்போது வீட்டில் சாவு என்று கேட்டால், வீடு இருக்கும் திசையைப் பார்த்து நின்று அழவேண்டும். அது அவர்கள் வழக்கம். சுற்றியிருக்கிற சொந்த தேசத்தார் வந்து கூட அழவேண்டும். தனியாக அழவிடக்கூடாது. ஞானையாவுக்குத் திசை தெரியவில்லை. தெரிந்துகொண்டு வருகிறேன் என்று பங்களாவுக்குத் திரும்பிப்போய்த் துரையிடம் கேட்டார். துரை ஏன் என்று கேட்கவில்லை. அது அவருக்குப் பிடித்தமான வகைக் கேள்வி. உலகப் படத்தை விரித்து, அளவுகோல் வைத்து, கோணம் பார்த்து, தென்மேற்கில் மேற்குப் பக்கம் சற்றுச் சாய்ந்தாற்போல் என்று சொல்லி, தன் திசைகாட்டியையும் இரவல் கொடுத்தார்.

திசைகாட்டி காட்டிய பக்கம் அந்த மாடி அறையில் ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக இருந்தன. எட்டுப் பேர் பிடித்து அவற்றை நகர்த்தினார்கள். அந்தச் சுவரை ஒட்டி ஒரு தாழ்ந்த பலகையைப் போட்டு, சோறு, மீன், ஒரு கிண்ணம் ஊறுகாய் வைத்தார்கள். இறந்தவரின் படம் வேண்டும் என்றார்கள். பாக்கியவதி படம் எடுத்துக்கொண்டதில்லை. ஞானையா அந்த ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவர்களில் கிறிஸ்தவர்கள் நின்றபடி தலைகுனிந்து ஜெபித்தார்கள். யூனின் தகப்பனார் மட்டும் இன்னும் மதம் மாறாத கிழவர். அவர் தன் வழக்கப்படி தரையில் நெற்றிபட விழுந்து எழுந்தார். எழுந்து ஞானையாவைப் பார்த்தார். ஞானையாவும் விழுந்தார், இரண்டு முறை. பிறகு கிழவர் தொடங்கினார். ஐகோ, ஐகோ என்று அடித்தொண்டையிலிருந்து, அவசரமில்லாத ஓர் அழுகை. திரைக்கு அப்பாலிருந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். முப்பது பேருக்குமேல் இருக்கும். பாக்கியவதி கறுப்பா சிவப்பா என்றுகூட அறியாதவர்கள். அவர்கள் நிறுத்துவதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஞானையாவும் அழுதார். முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றார்கள். அதன்பின் அவர் பங்களாவுக்குப் போய் சூப் வைத்தார். அதற்கும் பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தார். எல்லாம் அழுது முடிந்துபோயிருந்ததால் தாளில் எழுத எதுவும் மிஞ்சவில்லை.

துரை ஜெர்மன் சண்டைக்குப் போனதும் ஞானையா ஊருக்குத் திரும்பினார். 1915, வைகாசி மாதம். கப்பலில் தூத்துக்குடி, ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து முக்கூடலுக்கு மாட்டுவண்டி. வீடு பூட்டிக் கிடந்தது. அடுக்களைப் பக்கத்து ஓடு மாற்றப்படவில்லை. ஹெப்சிபா மாமா வீட்டிலேயே வளர்ந்திருந்தாள். தகப்பன் வந்த அன்று அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கதவுக்குள்ளிருந்து வந்தது ஒரே கேள்வி.

"அம்மைக்கு அழுதாவளான்னு கேளுங்க. இல்ல, சுகமாத்தான் இருந்தாவளா?"

ஞானையாவுக்கு வேண்டியதெல்லாம் மகள் வீட்டுக்கு வரவேண்டும் என்பது ஒன்றுதான். ஆகவே தேவதாசனை உட்காரவைத்து நடந்தது முழுவதையும் சொன்னார். பலகை, சோறு, ஓலைப்பெட்டி, கிழவர், விழுந்து எழுந்தது, ஒன்றையும் விடவில்லை. பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள் என்றார். தேவதாசன் பிள்ளையிடம் சொல்லவில்லை. சபையின் குரு எலியேசர் ஐயரிடம் போய்ச் சொன்னார். செத்தவளுக்குச் சோறு படைத்து விழுந்து கும்பிட்ட விஷயத்தை மறைத்தால் உபதேசியார் வேலைக்கு அடுக்காது என்பது அவர் எண்ணம். கமிட்டி விசாரிக்கும் வரை ஞானையா நற்கருணை எடுக்கக்கூடாது என்று ஐயர் நிறுத்திவைத்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் தேவதாசன் வந்தார்.

"ஒத்த வார்த்தை மாப்ளே. அறியாமச் செஞ்சிட்டேன், தப்புன்னு சபை முன்னால சொல்லிரும். பிள்ளைய நானே கையப் பிடிச்சிக் கொண்டாந்து விட்டுருதேன்."

"அவ அம்மைக்கு நான் அழுததே அது ஒண்ணுதான் மச்சான்" என்றார் ஞானையா. "அதையும் தப்புன்னு சொல்லிட்டா, அவ கேட்டதுக்கு என்னத்தச் சொல்லுவேன்?"

அப்படியானால் பிள்ளை வரமாட்டாள், இனி எப்போதும் வரமாட்டாள் என்றார் தேவதாசன்.

ஆனி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே கமிட்டி கூடியது. பெண்கள் பக்கத்துப் பாய்களை யாரும் சுருட்டவில்லை. பாய் சுருட்டுகிற வேலை அன்றைக்கு எல்லாப் பெண்களுக்கும் மறந்துபோயிருந்தது. ஹெப்சிபா அத்தைக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சோறு வைத்தது உண்டா என்று ஐயர் கேட்டார். உண்டு என்றார் ஞானையா. யாருக்கு என்றார். பாக்கியவதிக்கு என்றார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கமிட்டியில் மூத்தவர் கருப்பட்டி வியாபாரி நேசையா அண்ணாச்சி. அவருக்கு எதிலும் கடைசியில் சரக்கு என்னவாயிற்று என்று தெரிந்தாகவேண்டும்.

"பொறவு அந்தச் சோத்த யாரு தின்னா?"

"நாங்கதான் அண்ணாச்சி."

"எல்லாத்தையுமா?"

"மீன் கொஞ்சம் மிச்சம்."

"அப்பம் அது சாப்பாடுதான் வே" என்றார் நேசையா, ஒரு கணக்குத் தீர்ந்ததுபோல.

ஐயர் தொண்டையைச் செருமினார். "விழுந்து கும்பிட்டீராமே. எதைப் பார்த்து விழுந்தீர்?"

"திருநெல்வேலியப் பாத்து, ஐயா."

தேவதாசன் தரையைப் பார்த்தார்.

"திருநெல்வேலி என்றால்?"

"இங்கனதான் ஐயா. நம்ம ஆறு, நம்ம தெரு, இந்தக் கோயில், எல்லாம் இருக்கிற தெசை. தொரை படத்துல அளந்து சொன்னாரு."

விக்கிரகங்களின் ஜாபிதாவில் திருநெல்வேலியைச் சேர்ப்பதைப் பற்றிக் கமிட்டி அதுவரை யோசித்ததில்லை. உறுப்பினர் எல்லாருமே திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள். நேசையா அண்ணாச்சி தம் மடியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பம் நம்மளப் பாத்துத்தான வே விழுந்திருக்கான். நாம என்ன, கல்லுச் சாமியா?"

ஐயர் விசாரணைக் குரல் இல்லாமல் கேட்டார்: "ஏன் விழுந்தீர், ஞானையா?"

ஞானையா யோசித்தார். "உம்ம ஊரு எந்தத் தெசைன்னு அவுங்க கேட்டாங்க ஐயா. அவ செத்த பொறவு என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. அது ஒண்ணுதான் கேட்டது."

அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வதாகக் கமிட்டி கலைந்தது. அடுத்த கூட்டத்தில் கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஐயர் தாமாகவே ஞானையாவுக்கு நற்கருணை கொடுத்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

விசாரணை முடிந்த அன்று ஞானையா கோயிலிலிருந்து குடையும் கையுமாக வாய்க்கால் வரப்பு வழியாக வீட்டுக்குப் போனார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று நினைத்தார்.

"எத்தன பேரு?" என்றது ஹெப்சிபாவின் குரல்.

"முப்பது பேருக்கு மேல இருக்கும்."

"அம்மைய அவுங்களுக்குத் தெரியாதே."

"தெரியாதுதான்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு இறங்கும், சபையைச் சேராத அக்கரைப் பெண்கள்.

"இங்கன ஒருத்தரும் வரல அப்பா" என்றாள் ஹெப்சிபா. "பேதின்னதும் தெருவே கதவச் சாத்திக்கிட்டு. மாமா வாசலுக்கு வெளிய நின்னு ஜெபம் சொன்னாவ. மணி அடிக்கல. சத்தம் கேட்டா எல்லாரும் பயந்துக்கிடுவாங்க, அழாதன்னு அத்தை என் வாயப் பொத்திட்டாவ. நானும் அழல."

ஞானையா நின்றார். ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்குமேல் ஆகியும், அவளை எங்கே புதைத்தார்கள் என்று தான் யாரிடமும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொதுக் கல்லறையில் இருக்கமாட்டாள். பேதியில் போனவர்களை அங்கே சேர்க்கமாட்டார்கள்.

"எந்தத் தெசைம்மா?" என்றார்.

ஹெப்சிபா கையை நீட்டிக் காட்டினாள். ஆற்றுக்கு அந்தப்புறம், உடைமரங்கள் நின்ற ஒரு மேடு. ஞானையா குடையை வரப்பில் ஊன்றினார். செருப்பைக் கழற்றினார். மேட்டைப் பார்த்து நின்று, கிழவர் தொடங்கியதுபோலவே தொடங்கினார். அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டாவது குரல் சேர்ந்துகொண்டபோது அவர் பக்கத்தில் பார்க்கவில்லை.

நடவுப் பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி வரப்பேறி வந்து யார் தவறிட்டாக என்று கேட்டாள். என் சம்சாரம் என்றார் ஞானையா. எப்போ என்றாள். ரெண்டு வருஷம் ஆச்சு என்றார். அவள் ஒரு கணம் அவரையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர்கள் நாற்றுக்கட்டைக் கீழே வைத்து, வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஹெப்சிபாவைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் வழக்கப்படி, ராகத்தோடு, பெற்றவளே என்று விளித்து.

ஓய்ந்ததும் ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வீடு எங்கன இருக்கு தாயி?"

"மிஷன் தெருவுல" என்றாள் ஹெப்சிபா. "நானும் எங்க அப்பாவும் இருக்கோம்."

ஞானையா குடையைப் பிடுங்கி, அதன் நுனியில் ஒட்டியிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தார். ஆடி பிறப்பதற்குள் அடுக்களைப் பக்கத்து ஓட்டை மாற்றிவிடவேண்டும்.